செட்டிநாட்டு வீட்டு ஜன்னல்: தேக்குக் கதவைக் கழற்றாமல் வெக்கையைத் தடுப்பது எப்படி

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டில் ஓர் அறைக்கு ஏசி போட்டவர்கள் முதல் கோடையிலேயே இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். "ஏசி ஓடிக்கிட்டே இருக்கு, அறை குளிரவே மாட்டேங்குது. இந்தப் பழைய ஜன்னலைக் கழற்றிட்டு அலுமினியமோ யுபிவிசி பிளாஸ்டிக்கோ போட்டுடலாமா?"

வேண்டாம். அந்த ஜன்னலில் பெரும்பாலும் இரண்டே குறைகள்தான் இருக்கும். ஒன்று, கதவு சரியாக மூடாமல் இடுக்கு விட்டிருக்கும். இன்னொன்று, வெயில் நேராகக் கண்ணாடியில் விழும். இரண்டையும் ஜன்னலை அப்படியே வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். பர்மா தேக்கில் செய்த சட்டத்தைப் பிடுங்கி விற்றுவிட்டால் திரும்பக் கிடைக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் கதவுகளும் நிலைகளும் இப்படிக் கழற்றப்பட்டவைதான். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. அதற்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

வெக்கை எந்த வழியாக வருகிறது?

ஜன்னல் வழியாக வெப்பம் உள்ளே வர மூன்று வழிகள் உண்டு. வெயிலின் கதிர் கண்ணாடியைத் தாண்டி நேராக உள்ளே வரும். வெளியே இருக்கும் சூடான காற்று இடுக்கு வழியாக நுழையும். மூன்றாவது, கண்ணாடியும் மரமும் வெளியே சூடாகி, அந்தச் சூடு மெல்ல மெல்லக் கடந்து உள்பக்கம் வரும்.

இந்த மூன்றும் சம அளவில் வருவதில்லை. மே மாதம் பிற்பகல், வெளியே 38 டிகிரி, ஏசி அறைக்குள் 26 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 5.7 வாட் வெப்பத்தை விடும். 12 டிகிரி வித்தியாசத்துக்கு 70 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஒரு சதுர மீட்டர் கண்ணாடி மேற்குப் பார்த்து இருந்து, மூன்றரை மணி வெயில் நேராக விழுந்தால் 400 வாட்டுக்குக் குறையாமல் உள்ளே வந்துவிடும். சாதாரணக் கண்ணாடி வெயில் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அப்படியே உள்ளே விடுவதுதான் காரணம்.

அதனால்தான் குளிர்நாடுகளில் இதே வேலைக்குச் சொல்லும் வழிமுறையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே வீட்டுச் சூடு வெளியே போகக் கூடாது. வெயில் உள்ளே வந்தால் வரவேற்பார்கள். இங்கே வெயில்தான் முதல் பிரச்சினை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கண்ணாடி சேர்த்த இரட்டைக் கண்ணாடி போட்டால் அந்த 5.7 வாட், ஏறக்குறைய 2.8 ஆகக் குறையும். ஆனால் மேற்கு வெயிலைச் சாதாரண இரட்டைக் கண்ணாடியும் முக்கால்வாசி உள்ளே விட்டுவிடும். செலவு செய்துவிட்டு, "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான்.

ஏசியே இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் அறையென்றால் இரட்டைக் கண்ணாடி பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

மரக்கதவின் அருமை

ஒரு அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகையைச் சாத்தினால், மேலே சொன்ன அதே கணக்கில், சுமார் 3 வாட் வரும். அதாவது இரட்டைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வெயிலையோ துளிகூட நேராக உள்ளே விடாது. சட்டத்துக்கு நடுவே இருக்கும் பலகை மெல்லியதாக இருந்தால் இந்த எண் கூடும். அப்போதும் வெறும் கண்ணாடியைவிட நல்லதுதான். ஸ்காட்லாந்தில் பழைய ஜன்னல் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தபோது, உள்பக்க மரக்கதவை மூடியதுமே கண்ணாடி வழியான வெப்ப இழப்பு சுமார் பாதியாகக் குறைந்தது. அங்கே வெப்பம் வெளியே போகிறது, இங்கே உள்ளே வருகிறது. மரம் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுபோலத்தான் தடுக்கும்.

அலுமினியத்துக்கு வருவோம். தேக்கைவிட அலுமினியம் சுமார் ஆயிரம் மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேற்குச் சுவரில் அலுமினியச் சட்டம் போட்ட ஜன்னலைச் சாயங்காலம் உள்பக்கத்திலிருந்து தொட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். யுபிவிசி அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதோடு வருவது வெறும் கண்ணாடி, மரக்கதவு போய்விடுகிறது. அதனால் அறை முன்பைவிடச் சூடாகவும் வாய்ப்புண்டு.

நம் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் கம்பிக்கு வெளியே சாய்வுப் பலகைக் கதவு, உள்ளே கண்ணாடிக் கதவு. சிலவற்றில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு மரக்கதவுகள், உள்பக்கமாகத் திறக்கும். மாடி அறைகளில் ஜன்னலுக்கு மேலே வில் வளைவில் கலர் கண்ணாடி பதித்திருக்கும். உங்கள் வீட்டில் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை அதற்குத் தகுந்தபடி மாறும்.

முதல் வேலை: வெயிலை வெளியிலேயே நிறுத்துவது

திரைச்சீலை உள்ளே தொங்குகிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சூடாக்கி, திரை அறையைச் சூடாக்கும். வெளிர்நிறத் திரை கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வெளியே தடுத்தால் சூடு வெளியோடு போய்விடும். குடையைத் தலைக்கு மேலே பிடிப்பதா, சட்டைக்குள்ளே பிடிப்பதா என்பது போன்ற கணக்கு இது.

எந்தத் திசை ஜன்னல் என்பது முக்கியம். காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. அதனால் நடுப்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேதான். சின்னத் தாழ்வாரமோ சன்ஷேடோ அதைத் தடுத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரும் மேற்கு வெயில் அப்படியில்லை. சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து, நேராக அறையின் நடுவுக்கு வரும். அதைத் தடுக்க நிமிர்ந்து நிற்கும் தடுப்பு வேண்டும்: வெளிக்கதவு, மூங்கில் தட்டி, கோரைத் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, எதுவானாலும் சரி. காலையில் கிழக்கு ஜன்னலுக்கும் இதே கதைதான். ஆனால் காலையில் சுவரெல்லாம் குளிர்ந்திருப்பதால் அவ்வளவு உறைக்காது.

வெளியே சாய்வுப் பலகைக் கதவு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பல வீடுகளில் அந்தப் பலகைகள் பெயின்ட் ஏறி ஏறி அசையாமல் ஒட்டிக்கிடக்கும். சுரண்டி எடுத்து, அசைக்கும் கட்டையைச் சரிசெய்தால் காற்றும் வரும், வெயிலும் வராது. சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். காய்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சுரண்டிய தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது பற்றிக் கேட்பார்கள். பழைய கண்ணாடிக்கும் கலர் கண்ணாடிக்கும் நான் அதைச் சொல்வதில்லை. வெப்பத்தை உறிஞ்சும் ஃபிலிம் கண்ணாடியைச் சமமில்லாமல் சூடாக்கும். பழைய கண்ணாடி அதில் விரிசல் விடலாம். பிறகு ஃபிலிமை உரித்தால் பசை மிச்சம் நிற்கும். அந்தக் கண்ணாடி உடைந்தால் அதே மாதிரி கிடைப்பதும் கஷ்டம்.

இடுக்கை அடைப்பது

இது ஏசி அறைக்கான வேலை. மற்ற அறைகளுக்குத் தூசியும் மழைச்சாரலும் வராமல் இருக்க உதவும், அவ்வளவே.

மூன்று மில்லிமீட்டர் இடுக்கு என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலடி உயரம், மூன்றடி அகலம், இரட்டைக் கதவு ஜன்னல். சுற்றளவு 14 அடி. இரண்டு கதவும் நடுவில் சேரும் கோடு இன்னொரு 4 அடி. மொத்தம் 18 அடி, அதாவது ஐந்தரை மீட்டர். அது முழுக்க 3 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் சுமார் 165 சதுர சென்டிமீட்டர். சுவரில் ஐந்து அங்குலத்துக்கு ஐந்து அங்குலம் சதுரமாக ஓட்டை போட்டு வைத்திருப்பதற்குச் சமம். நாலு கதவு ஜன்னலென்றால் குறுக்கே இன்னும் மூன்றடி சேரும்.

இடுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவர் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் வரும் இடமெல்லாம் காற்றும் வரும். அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் கதவு நிலையில் உட்காரவில்லை. காற்றடிக்கும் நாளில் ஊதுபத்திப் புகையும் காட்டிக்கொடுக்கும்.

உடனே கடைக்குப் போய் ரப்பர் வாங்கி ஒட்டிவிடக் கூடாது. கதவு ஏன் சரியாக மூடவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மாடி மேற்கறை ஜன்னலைப் பார்க்கப் போயிருந்தோம். மேலே கொண்டிப் பக்கம் விரல் நுழையும் அளவு இடைவெளி, கீழே கதவு நிலையில் உரசி மரம் தேய்ந்திருந்தது. வீட்டு ஆச்சி, "மரம் வளைஞ்சு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்றார். ஆசாரி கதவை இரண்டு கையாலும் லேசாகத் தூக்கிப் பார்த்தார். இடைவெளி மூடிக்கொண்டது. "மரம் வளையலை ஆச்சி. மேல் கீலு தளர்ந்து கதவு இறங்கியிருக்கு, அம்புட்டுத்தான்" என்றார். மேல் கீலின் திருகாணிகளைக் கழற்றினால், துளைகள் பெரிதாகித் திருகாணி பிடிக்கவே இல்லை. பழைய தேக்குத் துண்டில் குச்சி சீவி, மரப்பசை தடவித் துளைக்குள் அடித்து இறக்கினார். பசை காய்ந்ததும் புதுத் துளை போட்டு அதே கீலைப் பூட்டினார். கதவு அதன் இடத்துக்கே வந்துவிட்டது. இழைப்புளியைத் தொடவே இல்லை.

உரசுகிறது என்றதும் இழைக்கச் சொல்வது நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். அப்போது இழைத்தால் சித்திரையில் மரம் சுருங்கி இடுக்கு விழும். தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் அசையும், ஆனாலும் அசையும். கீல், பெயின்ட் அடுக்கு, தூசி மூன்றையும் பார்த்துவிட்டு, அப்புறமும் உரசினால் கோடையில் ஒருமுறை பார்த்து முடிவுசெய்யுங்கள்.

கதவு சரியாக உட்கார்ந்த பிறகு மிச்சம் இருக்கும் இடுக்குக்குத்தான் ரப்பர் பட்டையும் பிரஷ் பட்டையும். கதவு வந்து நிலையில் அழுந்தும் இடத்துக்கு உள்ளே குழல் மாதிரி வெற்றிடம் உள்ள ரப்பர் பட்டை பொருந்தும். இரண்டு கதவுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சேரும் நடுக்கோட்டுக்குப் பிரஷ் பட்டைதான் தோது. ரப்பர் அங்கே கிழிந்துவிடும். மலிவான ஸ்பாஞ்சுப் பட்டையை ஏசி அறைக்கு வாங்காதீர்கள். நம் வெயிலில் சீக்கிரமே நொறுங்கி, பசை மட்டும் மரத்தில் பிசுபிசுவென்று நிற்கும்.

பட்டையின் கனம் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. குழந்தைகள் விளையாடும் கிளேயை நெகிழித் தாளில் சுற்றி, நிலையில் கதவு அழுந்தும் இடத்தில் நாலைந்து இடங்களில் வையுங்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுத் திறந்தால், நசுங்கிய கனம்தான் அந்த இடத்தின் இடுக்கு. ஒரே கதவில் மேலே 2 மில்லிமீட்டர், கீழே 5 மில்லிமீட்டர் என்று வருவது சாதாரணம். அப்போது இரண்டு கனத்தில் பட்டை வாங்க வேண்டும். அதிகக் கனத்தை எல்லா இடத்திலும் ஒட்டினால் கதவைத் தள்ளித் தள்ளிச் சாத்த வேண்டியிருக்கும், கீல் மறுபடி பிய்ந்துவிடும். ஒட்டும் முன் மரத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இல்லாமல் துடையுங்கள். பட்டைமேல் பெயின்ட் படக் கூடாது, விறைத்துப்போகும்.

கண்ணாடி ஆடுகிறதா என்றும் தட்டிப் பாருங்கள். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும் பழைய புட்டிப் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் அங்கேயும் காற்று வரும். சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்து செய்யும் புட்டிதான் பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. பின்னால் கண்ணாடியை எடுக்க வேண்டியிருந்தால் மரத்துக்குச் சேதமில்லாமல் எடுக்கலாம். சிலிகான் போட்டால் அது கஷ்டம்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரிசல் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதில் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை மரத்தின் ஓரத்திலேயே தேக்கிவைக்கும்; நிலை உளுத்துப்போகும், கரையானும் வரும். அகலமான விரிசலாக இருந்தால் சணல் கயிற்றை உள்ளே திணித்து, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசுவது போதும்.

உள்பக்கம் இன்னொரு கண்ணாடி

இவ்வளவும் செய்த பிறகும் போதவில்லை, அல்லது பேருந்து போகும் சாலையை ஒட்டிய அறை, சத்தமும் குறைய வேண்டும் என்றால், பழைய ஜன்னலைத் தொடாமல் உள்பக்கம் தனிச் சட்டத்தில் ஒரு கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ பொருத்தலாம். கதவு வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் இது சுலபம். உள்பக்கம் திறந்தால் கதவு இடிக்காத அளவுக்குச் சட்டத்தைத் தள்ளி வைக்கச் சுவரின் கனத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பத்துக்கு இரண்டு கண்ணாடிக்கும் நடுவே 16 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி நல்லது. அதற்கு மேல் கூட்டினால் பெரிய லாபமில்லை. சத்தத்துக்கு 100 மில்லிமீட்டராவது வேண்டும். காந்தப் பட்டையிலோ திருகுக் கட்டையிலோ நிற்கும்படி செய்தால் தேவைப்படும்போது எடுத்துவிடலாம். செதுக்கு வேலை இருக்கும் மரத்தில் திருகாணி இறக்கவே கூடாது.

மழைக்காலத்தில் ஏசியை 20 டிகிரியில் ஓட்டினால் உள்கண்ணாடியின் வெளிப்புறம் வியர்க்கும். வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படுவதால் வருவது அது. 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் வராது. வெளிக்கதவின் இடுக்கை நன்றாக அடைத்திருந்தால் இன்னும் குறையும்.

எந்த ஜன்னலை அடைக்கலாம், எதை அடைக்கக் கூடாது

வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் இந்த வேலையைச் செய்துவிடாதீர்கள். கனமான சுவர், நடுவில் வானம் பார்த்த வளவு, தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை வாசலுக்கு நேர் வாசல்: இந்த வீடு காற்று ஓடுவதை நம்பிக் கட்டியது. இரவில் ஜன்னலைத் திறந்தால் சுவர் குளிரும். காலை எட்டு மணி வாக்கில் வெயில் பக்கக் கதவுகளைச் சாத்தினால் அந்தக் குளிர்ச்சி பிற்பகல் வரை நிற்கும். சாயங்காலம் வெக்கை தணிந்ததும் மறுபடி திறப்பார்கள். நாலு கதவு ஜன்னலில் மேல் இரண்டை மட்டும் திறந்து வைப்பதும் இதற்குத்தான்: அறையின் மேல்பக்கம் தேங்கும் சூடு வெளியேறும், தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியாது. ஏசி போடும் ஓரிரண்டு அறையை மட்டும் இறுக்கமாக்கி, மற்றவற்றை இந்தப் பழக்கத்துக்கு விட்டுவிடுவதுதான் என் கருத்து.

இறுக்கமாக்கிய அறையில் சாம்பிராணித் தணலை வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. முன்பு இடுக்கு வழியாக வெளியே போனது, இப்போது போகாது. ஏசியை நிறுத்தியதும் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, புதுக்காற்றை எடுப்பதில்லை.

வருஷத்தில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறந்து, மற்ற நாளெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் எல்லா இடுக்கையும் அடைத்துப் பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டால், மழைக்காலத்து ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும், மரம் கெடும். கிளம்பும் முன் உள்பக்கக் கண்ணாடிச் சட்டங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வையுங்கள். மேலே இருக்கும் காற்றுத் துவாரங்களில் கொசுவலையும் பறவை நுழையாத கம்பிவலையும் அடித்துத் திறந்தே விடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் மழை இல்லாத நாளில், மாதம் ஒருமுறையாவது, இரண்டு எதிரெதிர் ஜன்னல்களை அரை நாள் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடவும், நிலையின் அடியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் அந்த அரை நாளே போதும்.